மேலே கேட்ட குரல்

பதிவு 1
11 மார்ச் 2068, காலை 9:20. ஆழம் 180 மீட்டர். உள்காற்று இயல்பு. கசிவு இல்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு முதலில் ஒரு விளக்கம். கணினி இருக்கும்போது பென்சிலால் ஏன் எழுதுகிறாள் என்று நினைக்க வேண்டாம். கணினியில் எழுத உட்கார்ந்தால் "இன்று நீங்கள் கற்ற பாடம் என்ன?" என்று ஒரு கட்டம் திறக்கிறது. அதை நிரப்பாமல் அடுத்த வரிக்கு விடமாட்டேன் என்கிறது. மூடி வைத்துவிட்டேன்.

என் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி. கடலடி வேலைகளில் நடக்கும் விபத்துகளை ஆராய்வது என் தொழில். நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே, கடல் தரையில் கிடக்கும் இந்த இரும்பு அறைக்கு நிறுவனம் வாய் வலிக்கிற மாதிரி ஒரு பெயர் வைத்திருக்கிறது. டைவர்கள் இதை 'டப்பா' என்கிறார்கள். எனக்கும் அதுவே போதும். என்னோடு இருப்பவர் இன்னாசி கொரைரா, தூத்துக்குடிக்காரர், கடலுக்கடியில் குழாய் இணைப்பதில் இருபத்தைந்து வருட அனுபவம். தலைக்கு மேலே 'வெண்கடல்' என்ற கப்பல் நிற்கிறது. அதில் எங்களுக்குப் பொறுப்பு மேற்பார்வையாளர் நல்லபெருமாள்.

இரண்டு மாதங்களுக்கு முன் மதியழகன் என்ற டைவர் இந்த டப்பாவுக்கு வெளியே வேலை செய்யும்போது இறந்துபோனார். குளிர் தாக்காமல் இருக்க உடைக்குள் ஓடும் வெந்நீர் நின்றுவிட்டது, உடம்பு விறைத்துவிட்டது. ஒலிப்பதிவைக் கேட்டேன். "கொஞ்சம் குளிருது சார்" என்று கடைக்காரரிடம் சில்லறை கேட்பதுபோல் சொல்கிறார். அப்புறம் பேச்சே இல்லை. 'ஆபத்தை உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை' என்று அறிக்கை எழுதி, பழியைச் செத்தவர் தலையில் கட்டி, கோப்பை மூடிவிட்டார்கள். அதிலிருந்து ஒரு பாடமும் கற்றுக்கொண்டார்கள். சிரிக்கிற டால்பின் படத்தோடு ஒரு சுவரொட்டி: 'சொல்லத் தயங்காதே!' இங்கே கழிப்பறைக் கதவில் ஒட்டியிருக்கிறது. மதியழகனின் மனைவிக்கும் ஒரு பிரதி போயிருக்கிறதாம். தூ.

வாய் திறந்து கத்தத் தெரிந்த ஒரு மனிதன் ஏன் கத்தவில்லை? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இறங்கியிருக்கிறேன்.

பதிவு 2
11 மார்ச், மாலை 4:40. கரியமில வாயு இயல்பு. ஈரப்பதம் அதிகம்.

விபத்து நடந்த இடத்தை இன்னாசி சுற்றிக் காட்டினார். வெந்நீர்க் குழாயின் இணைப்பு இன்றைக்கும் துருப்பிடித்தேதான் இருக்கிறது. இணைப்பை மாற்றவில்லை. பக்கத்தில் ஓர் எச்சரிக்கைத் தகடு மட்டும் புதிதாக மின்னுகிறது.

டப்பா நாறுகிறது. ஈரத் துண்டு, காதுக்கு விடும் சொட்டு மருந்து, இதற்கு முன் இருந்தவர்களின் கால் வியர்வை. எல்லாம் சேர்ந்து ஊறிப்போன வாடை. இந்த அழுத்தத்தில் நாக்கும் செத்துவிடுகிறது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் நிறம்தான் வித்தியாசம். நினைத்த மாத்திரத்தில் மேலே போகவும் முடியாது. கப்பல் 'பெல்' என்ற கூண்டை இறக்க வேண்டும். அதில் ஏறி, கப்பலில் இருக்கும் அழுத்த அறைக்குப் போய், ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அவசரப்பட்டு நீந்திப் போனால் இரத்தம் சோடா பாட்டில்போல் நுரைத்துவிடும். ஆக, பெல் வந்தால்தான் உயிர்.

இங்கே மூச்சு விடுவது ஹீலியம் கலந்த காற்று. அதனால் எல்லோர் குரலும் வாத்துக் குரல். எதிரெதிரே உட்கார்ந்து பேசினாலும் பாதி விளங்காது. எனவே எல்லோரும் காதுக்கருவி மாட்டிக்கொண்டு 'நிதானம்' என்ற மென்பொருள் வழியாகத்தான் பேசுகிறோம். அது வாத்துக் குரலை மனிதக் குரலாக்கித் தருகிறது. மேலே போகும் பேச்சும் அதன் வழியாகத்தான் போகிறது.

இந்தத் தொழிலில் நான் மனதார மதிக்கும் வழக்கம் ஒன்றே ஒன்று. கீழே இருப்பவர் சொன்னதை மேலே இருப்பவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கீழிருந்து 'சரி' வந்த பிறகுதான் கை வால்வைத் தொடும். சுவரொட்டிகள் அத்தனையையும் கிழித்துப் போட்டாலும் இந்த ஒரு வழக்கம் இருந்தால் போதும், பாதிப் பேர் பிழைத்துக்கொள்வார்கள் என்று பயிற்சி வகுப்புகளில் நானே சொல்வதுண்டு.

பதிவு 3
12 மார்ச், காலை 8:05. கரியமில வாயு இயல்பைப்போல் மூன்று மடங்கு.

தலைவலியோடு எழுந்தேன். இன்னாசிக்கும் அப்படியே. நாங்கள் வெளியே விடும் கரியமில வாயுவை உறிஞ்ச ஒரு டப்பி நிறையச் சுண்ணாம்புக் குருணை உண்டு. அது செத்துவிட்டது. மாற்றுவதற்காக இருப்பு டிரம்மைத் திறந்தால் உள்ளே களி. அடுத்த டிரம்மும் களி. எல்லாமே நனைந்துபோயிருக்கின்றன.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு மூடியிலும் 'மூடியை இறுக மூடவும்' என்று ஒரு தகடு. அந்தத் தகட்டை மூடியில் துளை போட்டுத் திருகாணியால் முடுக்கியிருக்கிறார்கள். ஈரம் அந்தத் துளை வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

மேலே பேசினேன்.

நான்: "வெண்கடல், இருப்புச் சுண்ணாம்பு மொத்தமும் நனைஞ்சு போச்சு. சி.ஓ.டூ ஏறிக்கிட்டே இருக்கு. இன்னைக்கே பெல் இறக்குங்க. இது அவசரம்."

நல்லபெருமாள்: "திருப்பிச் சொல்லுதேன் மேடம். சுண்ணாம்பு மாத்தணும், உள்ள கொஞ்சம் புழுக்கமா இருக்கு, பெல் சௌகரியப்படும்போது அனுப்பலாம். சரியா?"

நான்: "இல்ல, தப்பு! சௌகரியப்படும்போது இல்ல, இப்பவே!"

நல்லபெருமாள்: "நல்லது மேடம். சரின்னு சொன்னதுக்கு நன்றி."

இணைப்பை வைத்துவிட்டார். இந்த ஆளுக்குக் காது எங்கே இருக்கிறது?

பதிவு 4
12 மார்ச், காலை 10:50. நான்கு மடங்கு. மூச்சு வேகமாக வாங்குகிறது.

ஐந்து தடவை பேசிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் மனிதர் பொறுமையாகத் திருப்பிச் சொல்கிறார், ஒவ்வொரு தடவையும் வேறு எதையோ சொல்கிறார். கடைசியில் என் வாயில் கெட்ட வார்த்தையே வந்துவிட்டது.

நான்: "யோவ், நாங்க செத்துக்கிட்டு இருக்கோம்யா! மனுஷனா நீ?"

நல்லபெருமாள்: "திருப்பிச் சொல்லுதேன். ரெண்டு பேரும் கொஞ்சம் களைப்பா இருக்கீங்க, என்னைய விசாரிச்சீங்க. ரொம்ப சந்தோஷம் மேடம். நான் நல்லாருக்கேன். சாப்டீங்களா?"

மேலதிகாரிகளின் எருமைத்தோலை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. குளிரூட்டிய அறையில் காப்பி குடித்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்க்கிறார் என்றே நினைத்தேன். மேலே போனதும் அவர் வேலையைப் பிடுங்காமல் விடுவதில்லை என்று சபதமே செய்தேன்.

பதிவு 5
12 மார்ச், பிற்பகல் 1:15. ஆறு மடங்கு. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நல்லபெருமாள் மேல் நான் ஏவிய சாபங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

படுக்கையின் ஓரத்தில் இன்னாசி உட்கார்ந்திருந்தார். காதுக்கருவியில் அவர் குரல் கேட்டது: "கொஞ்சம் புழுக்கமா இருக்கு மேடம். பரவாயில்ல." சாதாரணமாகத்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. கழுத்து நரம்புகள் புடைத்திருக்கின்றன. வாய் மூடவே இல்லை, ஆனால் காதில் விழுந்ததோ ஐந்தே வார்த்தை.

காதுக்கருவியைப் பிடுங்கி எறிந்தேன்.

வாத்துக் குரல்தான், ஆனாலும் பக்கத்தில் போய்க் காது கொடுத்தால் விளங்கியது. "மூச்சு முட்டுது யம்மா! மேல கேக்கானுவளா இல்லையா? எம்புள்ளைக்கு அடுத்த மாசம் கல்யாணம்! பெல்ல விடச் சொல்லு யம்மா! அவனுவ கால்ல வேணா விழுதேன்னு சொல்லு!"

அந்த அலறல் 'நிதானம்' வழியாக வரும்போது 'பரவாயில்ல' என்று ஆகிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பிணத்துக்குப் பவுடர் பூசி உட்கார வைத்துப் படம் எடுப்பார்களே, அந்த மாதிரி ஓர் அருவருப்பு.

பதிவு 6
12 மார்ச், பிற்பகல் 3:00. ஆறரை மடங்கு.

தலை பிளக்கிறது. ஆனாலும் இதை எழுதிவிட வேண்டும். இனி மூளை எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்று தெரியாது.

மூன்று வருடங்களுக்கு முன் வேறொரு கப்பலில், கீழே மாட்டிக்கொண்ட டைவர் அலறினார். அந்த அலறலைக் கேட்டுப் பதறிய மேற்பார்வையாளர் தவறான வால்வைத் திருப்ப, இன்னொரு டைவர் செத்தார். விசாரணை நடந்தது. மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், வால்வுகளுக்கு வேறு வேறு நிறம் அடியுங்கள் என்றெல்லாம் வந்த யோசனைகள் குப்பைக்குப் போயின. 'குரலில் உள்ள பதற்றமே அபாயம்' என்று ஒரு வரி மட்டும் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அந்த அறிக்கையை நானும் படித்திருக்கிறேன். அந்த வரியை மென்பொருளாக்கி எங்கள் வாயில் அடைத்திருக்கிறார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. பதற்றத்தைக் குறைக்கிறேன் என்று ஆரம்பித்து, பதற்றமான வார்த்தைகளையே மாற்றுகிற அளவுக்கு அதை வளர்த்துவிட்டிருக்கிறார்கள்.

அலாரம் ஏன் அடிக்கவில்லை? அடிக்கடி அடித்துக் கவனத்தைக் கலைக்கிறது என்று, ஒரு நாள் முழுவதற்குமான சராசரியைப் பார்த்த பிறகே அடிக்கும்படி மாற்றியிருக்கிறார்கள். கேமரா? ஒரு டைவர் அழுத காட்சி செய்தியில் வந்துவிட்டதாம். போன வருடமே கழற்றியாயிற்று. ஸ்பேனரால் சுவரைத் தட்டிப் பார்த்தோம். "அங்க ஏதோ ரிப்பேர் வேலை நடக்குதோ மேடம்?" என்றார் நல்லபெருமாள்.

செவிடன் காதில் சங்கு ஊதினால் பலனில்லை என்பார்கள். நல்லபெருமாள் செவிடரில்லை. நாங்கள் ஊதும் சங்கைத் தாலாட்டாக்கி அவர் காதில் விடுகிறது இந்த நாசமாய்ப்போன மென்பொருள். நான் மதித்த அந்த ஒரே வழக்கமும் இப்போது எங்களுக்கு எமன். அவர் ஒழுங்காகத் திருப்பிச் சொல்கிறார். அதற்கு நான் 'தப்பு' என்கிறேன். அவர் காதில் 'சரி' விழுகிறது. விதிப்படி எல்லாம் சுத்தமாக முடிந்துவிட்டது.

மதியழகன் கத்தியிருக்கிறார். நெஞ்சு வெடிக்கக் கத்தியிருக்கிறார். செத்தவர் வாயைக் கழுவித் துடைத்து, 'சொல்லத் தயங்கினாய்' என்று அவரையே குற்றவாளியாக்கிவிட்டார்கள். நான் தேடி வந்த பதில் கிடைத்துவிட்டது. இதை எழுதிக்கொண்டு மேலே போனால் அவர் மனைவியிடமாவது உண்மையைச் சொல்லலாம்.

பதிவு 7
12 மார்ச், மாலை 5:40. ஏழு மடங்கு.

இன்னாசிதான் யோசனை சொன்னார். பேசப் பேசத்தான் மாற்றுகிறது, பேசவே வேண்டாம் என்றார். கீழே இருப்பவர்கள் பேசாமல் போனால் வேறு எதையும் கேட்காமல் பெல்லை இறக்க வேண்டும் என்பது பழைய விதி. எழுதும் பலகையில் அவர் எழுதிக் காட்டியது இது: "பேச்சு நின்னா மேல பயந்துருவானுவ யம்மா. வாயத் தொறக்காத."

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். மேலே என்ன சொல்கிறார்கள் என்று கேட்க, காதுக்கருவியை மட்டும் மாட்டிக்கொண்டேன்.

நல்லபெருமாள்: "டப்பா, வெண்கடல் கூப்பிடுதேன். சத்தத்தையே காணுமே?"

நான் பேசவில்லை. இன்னாசியின் உதடுகள் இறுக மூடியிருந்தன. என் காதில் இன்னாசியின் குரல் கேட்டது.

"இல்ல சார், இப்பத்தான் கண் அசந்தோம். ஒண்ணும் பிரச்சினை இல்ல."

நல்லபெருமாள்: "தூங்குங்க, தூங்குங்க. மேடமும் தூங்குதாங்களா?"

அடுத்து அவர் சிரித்தார். அவரிடம் நான் ஏதோ சொல்லியிருக்கிறேன். என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியாது, என் குரல் என் காதுக்கு வருவதில்லை.

எங்கேயோ இணைப்பு விட்டுப்போய், வீணாக பெல் இறக்கி ஒரு நாள் வேலை கெட்டிருக்கும். அதிலிருந்தும் பாடம் கற்றிருக்கிறார்கள். இனி இடைவெளியே வராது. நாங்கள் இல்லாவிட்டாலும் நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். சீ.

பதிவு 8
13 மார்ச், காலை 7:10. அளவு பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது.

சுவரில் இருக்கும் அவசர முகமூடிகளால் இதுவரை தள்ளினோம். அவற்றுக்கான மூச்சு வாயுவில் மிச்சம் கொஞ்சம்தான். மாறி மாறி மூச்சு வாங்கினால் சாயங்காலம்வரை கிடப்போம். அல்லது அதில் பாதியை எடுத்துக்கொண்டு ஒருவர் வெளியே போய் ஒரு காரியம் செய்யலாம். இன்னாசி வெளியே போவதாகச் சொன்னார்.

கனமான குழாய்களைத் தூக்க, காற்று நிரப்பும் பைகள் வெளியே கிடக்கின்றன. ஒன்றை நிரப்பி விட்டால் நேரே கடல் மட்டத்துக்குப் போய்விடும். ஆரஞ்சு நிறம், கப்பலில் யார் கண்ணிலும் படும். அதில் எழுதும் பலகையைக் கட்டிவிட வேண்டும். எழுத்தை எந்த மென்பொருளும் மாற்ற முடியாது.

எழுதினேன். படிப்பவர் தடுமாறாதபடி ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதினேன்.

'சுண்ணாம்பு தீர்ந்தது. கரியமில வாயுவில் சாகிறோம். எங்கள் குரலை நம்பாதீர்கள், அது எங்கள் குரல் இல்லை. உடனே பெல் இறக்குங்கள். செண்பகவல்லி, இன்னாசி.'

இன்னாசி உடை மாட்டும்போது இரண்டு தடவை விழுந்தார். நான் போகிறேன் என்றேன். "ஒனக்கு அந்தப் பைய நெரப்பத் தெரியாது யம்மா, வேலையக் கெடுத்துராத" என்று அந்த வாத்துக் குரலில் திட்டினார். திட்டு வாங்கியதில் எனக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்தது.

பதிவு 9
13 மார்ச், காலை 8:30.

பை மேலே போய்விட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நல்ல வேகம். இன்னாசி திரும்பி வந்துவிட்டார், படுத்திருக்கிறார், மூச்சு இருக்கிறது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு இடது கையால் எழுதுகிறேன். பிடித்த கையை அவரும் அழுத்துகிறார்.

சுவரொட்டி எழுதுகிறவர்களே, உங்களுக்கு ஒரு பாடம்: எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு மனிதன் மேலே இருந்தால் போதும்.

பதிவு 10
13 மார்ச், காலை 9:40.

பலகை கிடைத்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன், எதையும் மாற்றவில்லை.

நல்லபெருமாள்: "டப்பா, வெண்கடல். மேடம், ஒங்க பலகை கெடச்சுது."

அழுதுவிட்டேன். இன்னாசியின் காதில் கத்தினேன்.

நல்லபெருமாள்: "படிச்சதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பெல்ல எறக்க ஆளத் தயார் பண்ணிட்டேன். அப்புறம்தான் நெனப்பு வந்துச்சு, எழுத்துல எது வந்தாலும் குரல்ல உறுதி பண்ணாம எறக்கக் கூடாதுல்லா, விதி இருக்குல்லா. அதான் ஒங்ககிட்டயே கேட்டேன்."

நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டதாகச் சொல்கிறாரே, என்னிடம் எப்போது கேட்டார்? பை போனதிலிருந்து கருவி என் காதில்தான் இருக்கிறது, அப்படி ஒரு கேள்வி விழவே இல்லை. யாரிடம் கேட்டார்?

நல்லபெருமாள்: "பயிற்சிக்காக அனுப்பினதுன்னு நீங்க சொன்ன பெறகுதான் மூச்சே வந்துச்சு. என்னா தத்ரூபமா எழுதியிருக்கீங்க! குரல நம்பாதீங்கன்னு வேற இருந்துச்சா, அதான் ஒரு தடவைக்கு மூணு தடவை ஒங்க குரல்லயே கேட்டுக்கிட்டேன். திருப்பிச் சொல்லுதேன்: பயிற்சி நல்லபடியா முடிஞ்சுது, பெல் தேவையில்ல. சரியா?"

சரி இல்லை சரி இல்லை சரி இல்லை

நல்லபெருமாள்: "நன்றி மேடம். பலகைய ஆபீஸ் சுவத்துல மாட்டப் போறாங்க. எல்லாருக்கும் ஒரு பாடமா இருக்கட்டும்னு."

பதிவு
13 மார்ச்
நேரம் தெரியவில்லை

முகமூடி வாயு தீர்ந்தது. இன்னாசியின் கை சில்லிட்டுவிட்டது. நான் அழுத்தினால் திருப்பி அழுத்துவதில்லை

மார்பில் காது வைத்துப் பார்த்தேன் இல்லை

காதுக்கருவி தரையில் கிடக்கிறது. எடுத்தேன். மதியத்துக்கு என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்று கேட்கிறார் நல்லபெருமாள். இன்னாசி பதில் சொல்கிறார். நல்ல தெளிவான குரல். மீன் குழம்பு போதும் சார் என்கிறார். மேடத்துக்கும் அதே என்கிறார்